கண்ணாடி தேய்த்துக் கண்ட வானம்

வானநூல் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன, மலையுச்சியில் வெண்ணிறக் கவிகை மாடங்களும் அவற்றினுள் இரவெல்லாம் கண்விழிக்கும் பேரறிஞர்களுமே. பெரும் பட்டமும் அரசின் பொருளுதவியும் பெற்றோர்க்கே அத்துறை உரியது என்னும் எண்ணம் கற்றவரிடையேயும் வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள ஒரு சிற்றூர் சான்றாக நிற்கிறது. வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்பிரிங்பீல்டு என்பது அதன் பெயர். அங்கே இயந்திரத் தொழிற்சாலைகளில் கூலிக்கு உழைத்த மக்கள் தம் கையாலேயே தொலைநோக்கிகளைச் செய்தனர். ஒரு கழகம் கண்டனர். குன்றின்மேல் கழக மனையும் வான் ஆய்வகமும் எழுப்பினர். ஊதியம் பெறும் பணியாளர் இன்றி, தொண்டர்களின் உழைப்பாலேயே அது நூறாண்டைக் கடந்து இயங்கி வருகிறது. அதன் வரலாற்றையும், அதற்கு அடிப்படையாய் அமைந்த கண்ணாடி தேய்க்கும் கலையையும் இக்கட்டுரையில் சிறிது விரிவாகக் காண்போம்.

ஊரும் ஆலையும்

ஸ்பிரிங்பீல்டு அக்காலத்தில் கடைசல் இயந்திரங்களுக்கும் பல்சக்கரம் வெட்டும் இயந்திரங்களுக்கும் பெயர்பெற்ற ஊர். பிற தொழிற்சாலைகளுக்கு வேண்டிய இயந்திரங்களைச் செய்து தரும் தொழிற்சாலைகள் அங்கிருந்தன. ஆதலால் அவ்வூர்த் தொழிலாளர்க்கு நுண்ணளவு என்பது நாள்தோறும் கையாளும் பொருள். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு கூறு பிழைத்தாலும் செய்த உறுப்பு கழிக்கப்பட்டுவிடும்.

ஜோன்ஸ் அண்டு லாம்சன் என்னும் தொழிற்சாலையின் தலைவராக விளங்கியவர் ஜேம்ஸ் ஹார்ட்னெஸ். பின்னாளில், 1921 முதல் 1923 வரை, வெர்மான்ட் மாநில ஆளுநராகவும் இருந்தவர். வானநூலில் அவர் கொண்டிருந்த காதல் பெரிது. தம் வீட்டு முற்றத்தில் 1910ஆம் ஆண்டிலேயே புதுமையான ஒரு தொலைநோக்கியை அமைத்திருந்தார். அவரால் 1919இல் அவ்வூருக்கு மீண்டும் வரவழைக்கப்பட்டவரே நம் வரலாற்றின் தலைமகனாகிய ரஸ்ஸல் போர்ட்டர்.

போர்ட்டர் 1871இல் ஸ்பிரிங்பீல்டிலேயே பிறந்தவர். பாஸ்டன் நகரப் பகுதியில் கட்டடக்கலை பயின்றவர். படிப்பு முடித்தபின் அவர் சென்றது கட்டடம் கட்ட அன்று, வடதுருவத்துப் பனிவெளிக்கு! பல துருவப் பயணங்களில் ஓவியராகவும் நில அளவையாளராகவும் பங்குகொண்டார். 1903இல் புறப்பட்ட சீக்லர் பயணக் குழுவின் கப்பலைப் பனிப்பாறைகள் நொறுக்கிவிட்டன. 1905இல் மீட்புக் கப்பல் வரும்வரை அக்குழுவினர் உறைபனித் தீவுகளிலேயே காலம் கழிக்க நேர்ந்தது. வழிகாட்ட மரமோ ஊரோ இல்லாத அவ்வெளியில், இருக்குமிடத்தை அறிய ஞாயிறும் விண்மீன்களுமே துணை. வானத்தின்பால் அவர்க்கு ஏற்பட்ட பற்று அங்கே முளைத்தது எனலாம். ஊர் திரும்பியபின் ஹார்ட்னெஸ் அனுப்பிய கண்ணாடித் தகடுகளைத் தேய்த்துத் தொலைநோக்கி செய்யக் கற்றுக்கொண்டார்.

தொழிற்சாலையில் அவர்க்குக் கிடைத்த பணியும் ஒளியைப் பற்றியதே. திருகாணியின் மரை சரியாக உள்ளதா என்பதை அதன் நிழலைப் பன்மடங்கு பெரிதாக்கித் திரையில் வீழ்த்திப் பார்க்கும் கருவி ஒன்றை ஹார்ட்னெஸும் அவரும் உருவாக்கினர். விண்மீனைக் காட்டும் அதே ஒளியியல் இங்கே திருகாணியை ஆராயப் பயன்பட்டது.

பதினாறு மாணாக்கர்

1920ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், தொலைநோக்கி செய்யும் கலையைக் கற்பிக்கப் போர்ட்டர் ஒரு வகுப்பைத் தொடங்கினார். வந்து சேர்ந்தவர் பதினாறு பேர். பதினைவர் ஆடவர், ஒருவர் பெண். பெரும்பாலோர் தொழிற்சாலையில் உழைப்போர். கடையில் விற்கும் நல்ல தொலைநோக்கியை விலைகொடுத்து வாங்குவது அவர்களுக்கு எட்டாக் கனி. 'வாங்க இயலாததைச் செய்துகொள்வோம்' என்பதே அவர்களை ஒன்றுகூட்டிய எண்ணம்.

நியூட்டன் வகுத்த முறையிலமைந்த தொலைநோக்கியில் வில்லைக்குப் பதிலாகக் குழியாடி ஒன்று ஒளியைத் திரட்டித் தருகிறது. குழாயும் தாங்கியும் மரத்தாலோ இரும்பாலோ எப்படியும் செய்துவிடலாம். அக்கருவியின் உயிர் அந்த ஆடியில்தான் உள்ளது. அதனை எவ்வாறு செய்தனர்?

ஒரே அளவுள்ள இரு வட்டக் கண்ணாடித் தகடுகள் வேண்டும். ஒன்றை உறுதியான பீப்பாயின் மேலோ கம்பத்தின் மேலோ பொருத்தி, அதன்மீது கார்போரண்டம் தூளையும் நீரையும் இட்டு, மற்றொன்றை மேலே வைத்து முன்னும் பின்னுமாகத் தேய்க்க வேண்டும். நெடுநாள் அரைத்த அம்மி நடுவில் குழிந்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். அதுபோன்றதே இதுவும், ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே குழிவது மேலே உள்ள தகடு. அது விளிம்பைக் கடந்து நகரும்போது அதன் நடுப்பகுதியும் கீழ்த்தகட்டின் விளிம்பும் மிகுதியாகத் தேய்கின்றன. மேலது குழிகிறது, கீழது குவிகிறது. தேய்ப்பவர் ஓரிடத்தில் நில்லாமல் கம்பத்தைச் சுற்றி மெல்ல நடந்தவாறே தேய்ப்பார். கையிலுள்ள தகட்டையும் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே இருப்பார்.

இதில் வியப்புக்குரிய உண்மை ஒன்று உண்டு. எத்திசையில் நகர்த்தினாலும் எப்படித் திருப்பினாலும் இடைவெளியின்றி ஒன்றோடொன்று பொருந்தக்கூடிய வளைபரப்புகள் கோளத்தின் பகுதிகளே. எனவே எல்லாத் திசைகளிலும் மாறிமாறித் தேய்க்கும்போது, மேடான இடம் தானே தேய்ந்து, இரு தகடுகளும் கோளவடிவை நோக்கித் தாமே செல்கின்றன. மனிதக் கையின் ஒழுங்கின்மையே இங்கு ஒழுங்கைப் படைக்கிறது! விலையுயர்ந்த இயந்திரத்தால் மட்டுமே பெறத்தக்கது என்று நாம் கருதும் நுண்மையை, பொறுமையுடைய எவரும் பெறமுடிவது இதனால்தான்.

ஆறங்குல விட்டமும் நாற்பத்தெட்டு அங்குலக் குவியத் தொலைவும் உடைய ஓர் ஆடியின் குழிவு நடுவில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி, அவ்வளவே. அக்குழிவைப் பெற்றபின், மேலும் மேலும் நுண்ணிய தூள்களால் தேய்த்துக் கண்ணாடியின் சொரசொரப்பை நீக்குவர். பின்னர்க் கீழ்த்தகட்டின்மேல் கீலை உருக்கி ஊற்றி, இரும்பின் செந்தூளை நீரில் குழைத்துத் தடவி மெருகிடுவர். தூளை மாற்றும்போதெல்லாம் கைகளையும் மேசையையும் உடையையும் நன்கு கழுவ வேண்டும். பழைய பருந்தூளில் ஒரு துகள் தங்கிவிட்டாலும் பல நாள் உழைப்பில் கீறல் விழுந்துவிடும்.

கத்தி முனையில் ஒரு தேர்வு

ஆடி சரியாக அமைந்துள்ளதா என்று எவ்வாறு அறிவது? பிரெஞ்சு அறிஞர் பூக்கோ 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கண்டுபிடித்த தேர்வு முறை இதற்கு உதவியது. அதற்கு வேண்டியவை ஊசித்துளை இட்ட தகரத்தினுள் ஒரு விளக்கும், ஒரு சவரத் தகடும் மட்டுமே. ஆடியின் வளைவு மையத்தில் விளக்கை வைத்தால், அதன் ஒளி ஆடியில் பட்டு மீண்டும் அருகிலேயே ஒரு புள்ளியாய்க் குவியும். அப்புள்ளியின் பின்னே கண்ணை வைத்து, சவரத் தகட்டின் முனையால் ஒளியைக் குறுக்கே மெல்ல வெட்ட வேண்டும். ஆடி குறையற்ற கோளவடிவாயின் அதன் முகம் முழுவதும் ஒரே சீராகச் சாம்பல் நிறமாகும். மேடோ பள்ளமோ இருப்பின், மாலை வெயிலில் மணற்குன்றுகள் நிழல் வீழ்த்துவதுபோல அவை புடைத்தும் குழிந்தும் தோன்றும்.

இத்தேர்வின் கூர்மையை உணர்த்த ஒரு வேடிக்கையும் செய்து காட்டுவர். மெருகிட்ட ஆடியின்மேல் கட்டைவிரலைச் சிறிது நேரம் வைத்து எடுத்துவிட்டு மீண்டும் பார்த்தால், விரல் பட்ட இடத்தில் ஒரு புடைப்பு தென்படும்! விரலின் சூட்டால் கண்ணாடி அத்துணைச் சிறிதளவு விரிந்ததைத் தொழிலாளி தம் கண்ணாலேயே காண்கிறார். வெப்பத்தால் திடப்பொருள் விரியும் என்று பாடநூலில் மனப்பாடம் செய்தவர்க்கும் இவ்வாறு கண்டவர்க்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியப் பெருமக்கள் நன்கறிவர்.

கோளவடிவோடு பணி முடிவதில்லை. விண்மீனின் ஒளியை ஒரே புள்ளியில் சேர்க்கக் கோளம் போதாது. பரவளைய வடிவம் வேண்டும். மேற்சொன்ன ஆறங்குல ஆடியில் இரண்டுக்குமுள்ள வேறுபாடு விளிம்பில், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறிட்டால் அவற்றுள் மூன்று கூறளவு. அதனையும் கையாலேயே, நடுப்பகுதியைச் சில நிமிடங்கள் மெருகிட்டு மெருகிட்டுத் தேர்ந்து பெறவேண்டும். இறுதியில் வெள்ளி உப்புக் கரைசலைக் கொண்டு ஆடியின் முகத்தில் மெல்லிய வெள்ளிப் படலம் படியச் செய்வர். அக்காலத்து வழக்கம் அதுவே. அலுமினியப் படலம் 1930களில் வந்தது.

இவ்வாறு முடிந்த ஆறங்குல ஆடி, இருளில் விரிந்த நம் கண்பாவையைப்போல் ஏறத்தாழ 450 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. வியாழனின் நான்கு நிலவுகளும் சனிக்கோளின் வளையமும் அதில் தெளிவாகத் தெரியும்.

ஓர் ஐயத்தை இங்குத் தீர்த்துக்கொள்வது நல்லது. அத்தொழிலாளர் ஏற்கெனவே நுண்தொழில் கற்றவர்கள். ஆகவே அவர்களை எளிய மக்கள் என்பது பொருந்துமா என்று வினவலாம். இரும்பைக் கடைவதில் அவர்கள் தேர்ந்தவர்கள் என்பது உண்மையே. கருவியின் தாங்கிகளை அழகுறச் செய்ய அத்தேர்ச்சி பெரிதும் உதவியது. ஆனால் ஒளியியல் அவர்களுக்குப் புதிது, கண்ணாடியும் புதிது. அதிலும், பின்னர் இக்கலையைப் படித்துக் கற்ற பல்லாயிரவர்க்கு அந்தக் கடைசல் தேர்ச்சியும் இல்லை.

குன்றின்மேல் கழகம்

1923 டிசம்பர் 7ஆம் நாள் 'ஸ்பிரிங்பீல்டு தொலைநோக்கி செய்வோர் கழகம்' முறையாக நிறுவப்பட்டது. கழகத்தில் உறுப்பினராக விரும்புவோர் தம் கையால் ஓர் ஆடியைத் தேய்த்து முடித்திருத்தல் வேண்டும் என்பது தொடக்கக் கால விதி. சந்தா மட்டும் செலுத்திப் பெயர் எழுதிக்கொள்ள இயலாது. இவ்விதி கடுமையானதெனத் தோன்றலாம். செல்வமும் கல்வியும் உடையவரும் இல்லாதவரும் ஒரே பீப்பாயைச் சுற்றி நடந்தே உள்ளே வரவேண்டும் என்று அது வகுத்தது. உயர்வு தாழ்வை நீக்க இதனினும் நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

ஊருக்கு வெளியே, பிரீசி ஹில் என்னும் குன்றில் கழகத்தார் தாமே கல்சுமந்து மரமறுத்து ஒரு மனையைக் கட்டி 1924இல் முடித்தனர். அதற்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசினர். 'விண்மீன்களின் திருக்கோயில்' என்னும் பொருள்பட 'ஸ்டெல்லபேன்' எனப் பெயரிட்டனர். வானம் தன்னைப் படைத்தவனின் புகழைப் பேசுகிறது என்னும் கருத்தமைந்த, தாவூதின் சங்கீதத்து வரி ஒன்றை அதன் முகப்பில் பொறித்தனர். அம்மனையும் அந்த வண்ணமும் அவ்வரியும் இன்றும் உள்ளன.

இக்குன்றின் செய்தி உலகெங்கும் பரவக் காரணமானவர் 'சயின்டிபிக் அமெரிக்கன்' இதழின் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஆல்பர்ட் இங்கல்ஸ். 1925இல் ஸ்பிரிங்பீல்டுக்கு வந்து நேரில் கண்டு, அவ்வாண்டு நவம்பர் இதழில் கட்டுரை வரைந்தார். 'நாங்களும் செய்யலாமா? எப்படி?' என்று கேட்டு வாசகர் கடிதங்கள் குவிந்தன. போர்ட்டர் செய்முறையை எழுதினார். 1926இல் அது நூலாகவும் வெளிவந்தது. பின்னர்ப் பன்முறை விரிவுபெற்று மூன்று தொகுதிகளான அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையிலும் நிலவறையிலும் கண்ணாடி தேய்த்தோர் எண்ணிறந்தோர். கற்றதை மறைக்காமல், கேட்டவர்க்கெல்லாம் எழுதிக் கொடுத்த அந்தப் பண்பு இல்லையெனில் பதினாறு பேரின் முயற்சி அவ்வூரோடு முடிந்திருக்கும்.

1926 ஜூலை 3, 4 ஆகிய நாள்களில் குன்றில் முதல் மாநாடு கூடியது. வந்தவர் ஏறத்தாழ இருபதின்மர். இரண்டாம் உலகப் போர்க் காலம், 2020இன் பெருந்தொற்று முதலிய சில தடைகளைத் தவிர, அம்மாநாடு ஆண்டுதோறும் கோடைக்காலத்தில், நிலவொளி குறைந்த நாள்களில் நடந்து வருகிறது.

ஆசான் சென்றபின்

போர்ட்டரின் புகழ் கலிபோர்னியாவை எட்டியது. பலோமர் மலையில் 200 அங்குல ஆடியுடைய மாபெரும் தொலைநோக்கியை அமைக்க முனைந்த ஜார்ஜ் எல்லரி ஹேல் அவரைத் துணைக்கு அழைத்தார். 1928இல் போர்ட்டர் ஊரைவிட்டு அகன்றார். கட்டி முடிக்காத கருவியின் உட்புறத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டினாற்போல அவர் அங்கு வரைந்த படங்கள் இன்றும் பொறியாளரும் ஓவியரும் ஒருங்கே போற்றுவன. 1948இல் பலோமர் தொலைநோக்கி திறக்கப்பெற்றது. மறு ஆண்டு பிப்ரவரியில் அவர் மறைந்தார்.

ஒரு தனி மனிதரின் ஆர்வத்தால் எழுந்த அமைப்புகள் அவர் அகன்றதும் பொலிவிழந்து மறைவதே பெரும்பாலும் காணும் காட்சி. நம் ஊர்களில் எத்தனை மன்றங்கள், எத்தனை படிப்பகங்கள் அவ்வாறு போயின! ஸ்பிரிங்பீல்டில் அங்ஙனம் நிகழவில்லை. போர்ட்டரின் வடிவமைப்பைக் கொண்டு கழகத்தார் குன்றின்மேல் ஒரு கோபுரத் தொலைநோக்கியை எழுப்பி 1930இல் முடித்தனர். 12 அங்குல ஆடியுடைய அதன் அமைப்பு சிறப்பானது. வெர்மான்ட்டின் குளிர்காலம் கொடியது. திறந்த மாடத்தில் இரவெல்லாம் நிற்க இயலாது. மாடத்தைச் சூடாக்கினாலோ, கொதிக்கும் தார்ச்சாலையின்மேல் காட்சி நெளிவதுபோல விண்மீனின் உருவம் நெளியும். ஆதலால் ஆடிகளை வெளியே குளிரிலும், காண்பவரைக் கற்காரைக் கோபுரத்தின் உள்ளே கதகதப்பிலும் வைத்தனர். ஒளிமட்டுமே உள்ளே வரும். கோபுரத்தின் தலைப்பகுதி முழுவதுமே வானோடு இசைந்து சுழலும்.

போர்ட்டரைப் போற்றுவோர் அவரை மட்டுமே போற்றிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். அவர் சென்றபின் காரை குழைத்துக் கோபுரம் கட்டியவர்களும், ஆண்டுதோறும் புல்வெட்டிக் கூரை பழுதுபார்த்தவர்களும் அவரோடு ஒத்த சிறப்புடையோர் என்பதே என் கருத்து. இரண்டாம் உலகப் போரின்போது நாட்டின் படைக் கருவிகளுக்குத் தேவையான கூரைப்பட்டகம் என்னும் மிகக் கடினமான கண்ணாடி உறுப்பைச் செய்ய ஆளில்லாத நிலையில், இங்கல்ஸும் போர்ட்டரும் விடுத்த அழைப்பை ஏற்று அதைச் செய்து தந்தவர்கள் நாடெங்குமிருந்த இத்தகைய ஆர்வலர்களே.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பிரிங்பீல்டின் பெருந்தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக நலிந்து மூடப்பட்டன. அவ்வூருக்குப் பெயர் தந்த தொழில் போயிற்று; ஓய்வுநேரத்து விருப்பமாகத் தொடங்கியது நிலைத்தது. 1989இல் ஸ்டெல்லபேன் மனையும் கோபுரத் தொலைநோக்கியும் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றன. பின்னர் அக்குன்றில் 13 அங்குல வில்லையுடைய புதிய ஆய்வகம் ஒன்றும் கழகத்தாரின் உழைப்பால் எழுந்தது.

மாநாட்டு இரவு

மாநாட்டுக்கு வருவோர் குன்றின் சரிவில் கூடாரம் அடித்துத் தங்குவர். பகலில் தாம் செய்த கருவிகளைப் பார்வைக்கு வைப்பர். போட்டியில் இடம்பெறுவன தாமே செய்தவை மட்டும். விலைக்கு வாங்கிய கருவி எத்துணைச் சிறந்ததாயினும் பரிசுக்கு உரியதன்று. ஆடி தேய்ப்பதைப் புதியவர்க்குக் கற்பிக்கும் வகுப்பும் உண்டு. போர்ட்டர் காலத்துப் பீப்பாயும் நீரும் தூளுமே அங்கும்.

இருள் சூழ்ந்தபின் வெள்ளை விளக்குக்கு இடமில்லை. மங்கிய செந்நிற விளக்கே கொள்ள வேண்டும். நம் கண் இருளுக்கு முழுதும் பழக அரைமணி நேரமாவது தேவை. ஒரு நொடி வெள்ளொளி பட்டாலும் அப்பழக்கம் அழிந்து, மீண்டும் அரைமணி காத்திருக்க வேண்டும். செவ்வொளி அத்துணைக் கேடு செய்வதில்லை. கையில் செவ்விளக்குடன் ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு மக்கள் செல்வர். 'பார்க்கலாமா?' என்று கேட்டால் மறுப்பவர் இல்லை. பல ஆண்டு உழைத்துச் செய்த கருவியை முன்பின் அறியாதவர்க்கு விட்டுக்கொடுத்துத் தாம் ஒதுங்கி நிற்பர்.

அக்கோடை இரவுகளில் தலைக்குமேல் பெரிய முக்கோணமாய் ஒளிர்வன வேகா, அல்தாயிர், தெனெப் என்னும் மூன்று விண்மீன்கள். அங்குள்ளோர் நாவில் வழங்கும் அப்பெயர்கள் மூன்றும் அரபுச் சொற்கள்: பாயும் கழுகு, பறக்கும் கழுகு, வால் என்பன அவற்றின் பொருள். நள்ளிரவில் கிழக்கே ஏறிவரும் ஆண்ட்ரோமெடா மண்டலத்தை ஒரு சிறு முகிலெனக் கி.பி. 964இல் தம் விண்மீன் நூலில் குறித்துவைத்தவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. அம்முகில் 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீன்களின் பெருந்திரள் என்று 20ஆம் நூற்றாண்டு அறிந்தது. கையால் தேய்த்த ஆடியில் அதன் நடுவொளி இன்றும் முகிலாகவே தோன்றுகிறது.

இக்காட்சிகளுக்கெல்லாம் இன்று நேர்ந்துள்ள பெரும் இடையூறு வானத்தைத் தேய்த்தழிக்கும் விளக்கொளி. மேல்நோக்கி வீணாகச் சிதறும் தெருவிளக்கின் ஒளி காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுப் பரந்து, மங்கிய விண்மீன்களை மூடிவிடுகிறது. ஸ்பிரிங்பீல்டில் மாநிலச் சிறைச்சாலை ஒன்றை அமைக்க அரசு முடிவு செய்தபோது கழகத்தார்க்குப் பேரச்சம் ஏற்பட்டது. சிறையின் காவல்விளக்குகள் இரவெல்லாம் எரியும். வேலை வேண்டி நிற்கும் ஊரில் சிறையே வேண்டாவென்று அவர்கள் போராடவில்லை. விளக்குகள் கீழ்நோக்கியே ஒளிவீசுமாறு மூடியிட்டு அமைக்க வேண்டுமென அதிகாரிகளிடம் எடுத்துரைத்து, ஒளியை மட்டுப்படுத்த இசைவு பெற்றனர். தரைக்கு வேண்டிய ஒளி தரைக்கே போய்ச்சேர்ந்தால் காவலுக்கும் குறைவில்லை, வானுக்கும் கேடில்லை. 2003இல் அச்சிறை திறக்கப்பட்டது. குன்றின்மேல் மாநாடும் அவ்வாண்டு வழக்கம்போல் கூடியது.